திட்டுத் திட்டாய்ப் பச்சை

மாயகிருஷ்ணன் வெங்காயக் காட்டுக்குள் குப்புற விழுந்தபோது மருந்தடிக்கிற டேங்க் அவன் முதுகிலேயே இருந்தது. இலைப்பேனுக்கென்று கடையில் கொடுத்த மருந்தோடு, வீட்டில் மிச்சம் கிடந்த இன்னொன்றையும் சேர்த்துக் கலக்கியிருந்தான். எதிர்க்காற்று. முகத்தில் கட்டியிருந்த துண்டு வியர்வையில் நனைந்து எப்போதோ நழுவிவிட்டது. மறு ஓரத்தில் களை பறித்துக்கொண்டிருந்த அவன் மனைவி செல்வமாரி ஓடிவந்து புரட்டிப் போட்டபோது, டேங்கிலிருந்து மருந்து அவன் கழுத்து வழியே ஒழுகிக் கரிசலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்துக் கொடுத்துவிட்டார்கள். கை நடுக்கத்தை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. டீ கிளாஸில் பாதிதான் ஊற்றிக் கொடுக்க வேண்டும். சட்டைப் பொத்தானை அவள்தான் போட்டுவிடுவாள். கால்களும் பழைய வலுவுக்கு வரவில்லை. வீட்டிலிருந்து காட்டுக்கு நடந்து போவான், அங்கே உடை மரத்தடியில் உட்காருவான், அவள் வேலை செய்வதைப் பார்ப்பான். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்த மறுநாளே செல்வமாரி மருந்து பாட்டில்களையெல்லாம் ஒரு சாக்கில் கட்டி வெளியே தூக்கி வைத்தாள். இனி ஒரு சொட்டு காட்டுக்குள் வரக்கூடாது என்றாள். அது கொள்கை இல்லை. பயம். அந்த வாசனை மூக்கில் பட்டாலே அவளுக்குக் கை கால் விறைத்தது.

குளத்தூர்ப் பக்கத்தில் ஜெபதுரை என்பவர் சில விவசாயிகளைச் சேர்த்து இயற்கை விவசாயக் குழு ஒன்று நடத்திவந்தார். அவரும் வெங்காயம், மிளகாய் போடுகிறவர்தான். பூச்சிமருந்து, களைக்கொல்லி, உரமூட்டை எதுவும் காட்டுக்குள் வரக்கூடாது. ஒருவர் காட்டை மற்றவர்கள் வந்து பார்த்துச் சரி என்று சொன்னால், அந்த விளைச்சல் கோவில்பட்டியில் ஒரு கடைக்குப் போகும். விஷயம் கேள்விப்பட்டு அவரே தேடி வந்தார்.

“மருந்து வேண்டாம், சரி. யூரியா என்ன செஞ்சுச்சு? அதும் தழைச்சத்துதான?” என்று மாயகிருஷ்ணன் கேட்டான்.

“தழைச்சத்துதான் தம்பி, இல்லங்கல. ஆனா குழுவுல பாதி வேணும் பாதி வேண்டாம்னு கிடையாது. வந்தா முழுசா வரணும்.”

“வாரோம் அண்ணாச்சி,” என்றாள் செல்வமாரி, கணவன் அடுத்து வாயைத் திறப்பதற்குள்.

மருந்தை விட்டது அவளுக்குப் பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. வேப்பங்கொட்டைக் கரைசல் ஓரளவு காப்பாற்றியது, காப்பாற்றாத வருஷம் விட்டுத் தொலைத்தாள். யூரியாவை விட்டதுதான் அவளை வாட்டியது. வெங்காயம் கொஞ்ச நாள் பயிர். நட்டு வேர் பிடித்த கையோடு தழைச்சத்து கேட்கும். தாள் எழும்பி நின்றபின், கிழங்கு திரளத் தொடங்கும்போது, போதும் என்று நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் கொடுத்தால் தாள்தான் வளரும், கழுத்து தடித்துக் காய் தங்காமல் அழுகும். யூரியா என்றால் இது எளிது. கேட்டபோது ஈரம் பார்த்து ஒரு கை வீசலாம், போதுமென்றால் மூட்டையைக் கட்டி வைக்கலாம். ஆட்டுக்கிடையிடம் அப்படி ‘இப்போது கொடு, இப்போது நிறுத்து’ என்று சொல்ல முடியாது. கோடையில் கிடை போட்டு, ஆடுகள் படுத்தெழுந்த மண்ணை உழுதுவிட்டால் அது எப்போது கரையும், எவ்வளவு கொடுக்கும் என்பதெல்லாம் மழையின் இஷ்டம்.

பயிர் வெளிறினால் அவளிடம் இருந்ததெல்லாம் புண்ணாக்குக் கரைசலும் மீன் கரைசலும்தான். மீன் கழிவையும் வெல்லத்தையும் பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு ஊறவைத்து, வடிகட்டி, தண்ணீரில் கலந்து தெளிக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீர் உப்பு, அது இலையில் பட்டால் கருகிவிடும். அதனால் ஊருணியிலிருந்து குடம் குடமாகச் சுமந்தாள். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அந்த மீன் வாசம் நகக்கண்ணை விட்டுப் போகவில்லை. மினிபஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் எழுந்து பின் சீட்டுக்குப் போனாள். முதல் தடவை செல்வமாரிக்கு அழுகை வந்தது. பிறகு, பக்கத்துச் சீட்டு காலியானால் பையை வைத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலைபார்க்கும் மகள் சுகுணா ஞாயிற்றுக்கிழமைகளில் போன் போடுவாள். “காட்ட யாருக்காவது குத்தகைக்கு விட்டுட்டு இங்க வந்துருங்கம்மா.” செல்வமாரி “பாப்போம்” என்பாள். பார்ப்பதற்கு நேரம் இருந்ததில்லை.

இப்படிச் சில வருஷம் ஓடியது. ஒரு வருஷம் நன்றாக வந்தது, ஒரு வருஷம் சுமார். அதன் பின்தான் இந்த வருஷம்.

முந்தின போகம் நாட்டுச்சோளம். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நல்ல கதிர் கொடுத்தது. அறுத்தபின் நின்ற தட்டையை மாட்டுக்காரர்கள் கேட்டார்கள். கொடுக்காதே, எரிக்கவும் செய்யாதே, மடக்கி உழுதால் மண்ணுக்கு நல்லது என்று குழுவில் பேசியிருந்தார்கள். செல்வமாரியும் சரியென்று விட்டாள். கோடையில் கிடையும் போட்டாயிற்று. ஆனால் சொன்ன நேரத்துக்கு டிராக்டர் வரவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்து, புரட்டாசி முடியப் போகிற சமயத்தில்தான் உழவு நடந்தது. தட்டை முறிந்து துண்டு துண்டாக மண்ணுக்குள் போனது. ஐப்பசி முதல் மழை விழுந்ததும் எல்லாரும் விதை வெங்காயம் ஊன்றினார்கள். அவளும் ஆள் கூட்டி ஊன்றினாள்.

முளைப்பு அழகாக வந்தது. அதன்பின் மழை ஒளிந்துகொண்டது. வானம் தினமும் கருக்கும், கடல் பக்கம் போய்விடும். தாள் விரல் நீளம் வந்த பயிர் அப்படியே நின்றது. நுனி மஞ்சளாகி, பிறகு முழுத் தாளும் வெளிறி, காடே நோய்வாய்ப்பட்ட பிள்ளை மாதிரி கிடந்தது. பக்கத்துக் காட்டுப் பேச்சிராஜா யூரியா போடுகிறவன். அதே மழை, அதே கரிசல். அவன் வெங்காயம் மட்டும் கரும்பச்சையாக நின்றது. இரண்டுக்கும் நடுவே ஒரு வரப்புதான்.

ஜெபதுரை மொபெட்டில் வந்து இறங்கி, ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தார். பிறகு குத்தவைத்து உட்கார்ந்து களைக்கொத்தியால் மண்ணைக் கிளறினார். பாதி மக்கிய தட்டைத் துண்டு ஒன்று வந்தது.

“இதுதான் தங்கச்சி. இது மக்கணும்னா இதுக்கும் தழைச்சத்து வேணும்லா? பயிருக்குப் போக வேண்டியத இது இழுத்துக்கிடுது.”

“அப்பம் நான் போட்ட கிடை?”

“அதும் இங்கனதான் கிடக்கு. ஈரம் இல்லாம எப்படிக் கரையும்?”

“எப்பம் குடுக்கும்?”

“மழை பெஞ்சா குடுக்கும். எப்பம்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?” அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். “தட்டைய மடக்கச் சொன்னோம், அத ரெண்டு மாசம் முன்னாடியே செய்யணும்னு அழுத்திச் சொல்லாமப் போயிட்டோம். எங்க காட்டுலயும் ஒரு மூலை இப்படித்தான் நிக்கி. கடலைப் புண்ணாக்க ஊறவச்சு ஊத்திப் பாரு. வேற வழி தெரியல.”

ஊற்றினாள். செக்கில் வாங்கிவந்த புண்ணாக்கை ஊறவைத்து, கரைத்து, ஒவ்வொரு பாத்திக்கும் சொம்பு சொம்பாக ஊற்றினாள். குனிந்து நிமிர்ந்து இடுப்பு கழன்றது. வலது மணிக்கட்டு வீங்கி, சாப்பிடும்போது சோற்றைப் பிசைய முடியவில்லை. உடை மரத்தடியில் உட்கார்ந்திருந்த மாயகிருஷ்ணன் அவள் ஊருணிக்கும் காட்டுக்குமாக நடப்பதைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே இருந்தான். ஒருதரம் எழுந்து குடத்தை வாங்கப் பார்த்தான். நடுங்கிய கையில் தண்ணீர் பாதி சிந்தியது. “உக்காருங்க,” என்றாள் அவள். கோபமில்லை. ஆனாலும் அந்தச் சொல் அவனை அங்கேயே உட்காரவைத்தது.

புண்ணாக்கு தீர்ந்ததும் மறுபடி வாங்க அவள் கோவில்பட்டி போன நாளில் சிறு தூறல் விழுந்தது. திரும்பி வந்தபோது மண் லேசாக நனைந்திருந்தது. மாயகிருஷ்ணன் சீக்கிரமே படுத்துவிட்டான். அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அடுத்த வாரம் ஒரு காலையில் காட்டுக்குப் போனவள் வரப்பிலேயே நின்றுவிட்டாள். கிழக்கு ஓரத்தில் பயிர் பச்சை கட்டியிருந்தது. வெளிறிய தாள்களுக்கு நடுவே நல்ல, திடமான பச்சை. அவள் கையிலிருந்த குடத்தை இறக்கிவைத்தாள். பின்னால் மெதுவாக வந்துகொண்டிருந்த கணவனைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள்:

“ஏங்க, புண்ணாக்கு கேட்டுருச்சு! இங்கன வந்து பாருங்களேன்!”

அவள் குரலில் அப்படியொரு சந்தோஷத்தை அவன் கேட்டுப் பல வருஷம் ஆகியிருக்கும். ஆனால் அவன் வரவில்லை. உடை மரத்தடிக்குப் போய், தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான்.

செல்வமாரி பாத்திக்குள் இறங்கினாள். உள்ளே போகப் போகத்தான் தெரிந்தது. அவள் கரைசலை வரிசை தவறாமல், சொம்பு அளவாக ஊற்றியிருந்தாள். பச்சை அப்படி வரிசையாக இல்லை. திட்டுத் திட்டாக இருந்தது. ஓரிடத்தில் கொத்தாக, அப்புறம் கொஞ்சதூரம் ஒன்றுமில்லாமல், மறுபடி ஒரு கொத்து. சில இடங்களில் நடுவே செடி கருகி ஓட்டை விழுந்திருந்தது. கை நிறையச் சரக்கு ஒரே இடத்தில் விழுந்த ஓட்டை. கோழிக்கு அரிசி போடும்போது அவன் கையிலிருந்து அப்படித்தான் விழும். விரல் விரியாது, பிறகு ஒரே உதறலில் எல்லாம் கொட்டிவிடும்.

அவள் நிமிர்ந்து மரத்தடியைப் பார்த்தாள். நடந்துபோய் அவன் எதிரே நின்றாள்.

“யார் குடுத்தா?”

“பேச்சிராஜாகிட்ட கேட்டேன். அவன் மிச்சம் வச்சிருந்தான்.” அவன் நிமிரவில்லை. “நீ குடத்தத் தூக்கிட்டு நடக்க, நான் உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கேன். எத்தன நாளைக்கு மாரி? யூரியாவா என்னய விழத்தட்டுச்சு? அது உப்பு மாதிரி ஒரு சாமான். ஒரு கை வீசுனா நீ நாலு நாள் தூங்கலாமேன்னு நெனச்சேன்.”

சொல்ல வேண்டியது அவளுக்கு நிறைய இருந்தது. குழு, கடை, இத்தனை வருஷம், மணிக்கட்டு. கடைசியில் அவள் கேட்டது வேறு.

“கையக் கழுவுனீயளா?”

“என்ன?”

“போட்டுட்டு, கையக் கழுவிட்டுத்தான சாப்ட்டீய?”

“கழுவுனேன்,” என்றான்.

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குக் குடம் அங்கேயே வரப்பில் இருந்தது.

குழுவினர் காடு பார்க்க வரும் முறை நெருங்கியிருந்தது. அவர்கள் வரட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. ஜெபதுரைக்குப் போன் செய்து வரச்சொன்னாள். அவர் வந்து கிழக்கு ஓரத்தில் நின்று பார்த்தார். பார்த்தவுடனே அவருக்கும் புரிந்துவிட்டது. மரத்தடியில் இருந்தவனை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“நான் இதப் பாக்கலன்னு வச்சுக்கிடுதேன். இந்த ஓரத்த மட்டும் தனியா அறுத்து, வெளி வியாபாரிக்குப் போட்டுரு. மத்தவங்க வார முன்னால ஒரு மழை பெஞ்சா எல்லாம் ஒரே நிறமா ஆயிரும்.”

“வேண்டாம் அண்ணாச்சி.”

“ஏன்? தம்பி வேணும்னா செஞ்சாரு? ஒன்மேல இரக்கப்பட்டுச் செஞ்சது.”

“அது எனக்குத் தெரியும். ஆனா இதயும் சேத்துச் சுமக்க என்னால ஆவாது. அவிய வந்து பாக்கையில சிரிச்சுக்கிட்டு நிக்கணும், கடைக்காரர் கேட்டா ஒண்ணு சொல்லணும். எனக்குச் சத்து இல்ல அண்ணாச்சி. என்ன உண்டோ அதச் சொல்லிருங்க.”

ஜெபதுரை சொல்லிவிட்டார். இந்த வருஷ விளைச்சல் குழுவில் சேராது, மறுபடி முதலிலிருந்து தொடங்கினால்தான் சேர்க்கலாம் என்று முடிவானது. குழுவில் பெரும்பாலோர் அதோடு விட்டுவிட்டார்கள். அருள்மணி என்கிற பெண் மட்டும் பஸ் ஸ்டாப்பில் செல்வமாரியைப் பார்த்து, “நாங்க மட்டும் என்ன சொகமா வெவசாயம் பாக்கோம்? எங்களுக்கு இடுப்பு வலிக்காதா?” என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதில் தப்பு இருப்பதாகச் செல்வமாரிக்குப் படவில்லை. வலிக்கத்தான் செய்யும்.

மார்கழி பிறந்தபின் மழை வந்தது. அடைத்து வைத்திருந்ததையெல்லாம் ஒரே வாரத்தில் கொட்டியது. கரிசல் குழைந்து, காலை வைத்தால் முழங்கால் வரை இழுத்தது. பேச்சிராஜா காட்டில் கிழங்கு முன்பே திரண்டிருந்தது. அவனுக்குக் கொஞ்சம் அழுகல், மற்றபடி தப்பித்துக்கொண்டான். செல்வமாரி காட்டில்தான் எல்லாம் அப்போது தொடங்கியது. மண்ணுக்குள் காய்ந்து கிடந்த ஆட்டுப் புழுக்கை கரைந்தது. அதுவரை வாங்கித் தின்றுகொண்டிருந்த தட்டையும் மக்கி, தின்றதைத் திருப்பிக் கொடுத்தது. அவள் ஊற்றிய புண்ணாக்கும் சேர்ந்துகொண்டது. கேட்ட காலத்தில் கிடைக்காத தழைச்சத்து முழுவதும், வேண்டாத காலத்தில் ஒட்டுமொத்தமாக வந்து இறங்கியது.

இத்தனை வருஷத்தில் அவள் காடு அப்படிப் பச்சையாக இருந்ததில்லை. ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். கிழக்கு ஓரத்துத் திட்டுகள் எங்கே இருந்தன என்று அவளாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. தாள் கட்டைவிரல் தடிமனுக்கு வந்தது. கழுத்தும் அதே தடிமன். முற்றிய வெங்காயத்தின் தாள் தானாகச் சாய வேண்டும். தை பிறந்தது. தினமும் காலையில் வந்து பார்த்தாள். ஒன்றும் சாயவில்லை. எல்லாம் நிமிர்ந்து நின்றன.

“நான் அதப் போடாம இருந்திருந்தாலும் இப்படித்தான் வந்திருக்குமோ?” என்று மாயகிருஷ்ணன் கேட்டான்.

“இப்படித்தான் வந்திருக்கும்.”

“அப்பம் எதுக்கு ரெண்டு பேரும் கிடந்து செத்தோம்?”

“வாங்க, வெயில் ஏறுது,” என்றாள்.

இனியும் காத்திருந்தால் நிலத்திலேயே அழுகும் என்று பச்சைத் தாளோடு பிடுங்கினார்கள். காய் திரண்ட மட்டும் திரண்டிருந்தது. ஈர வெங்காயத்தை வியாபாரி முகம் சுளித்துத்தான் எடுத்தான். விதைக்கென்று நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி, காற்றோட்டமான வெங்காயப் பட்டறையில் பரப்பி வைத்தாள். மாசி முடியுமுன் கழுத்துப் பக்கமாக அழுகல் இறங்கியது. கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து அழுகியதைப் பொறுக்கி வீசினார்கள். அந்த வேலைக்கு அவன் கை போதும். நடுங்கினாலும் பொறுக்கலாம். நாளுக்கு நாள் கூடையில் சேர்வது அதிகமாகி, மிஞ்சுவது குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள், இதற்கு மேல் பொறுக்க ஒன்றுமில்லை என்று தெரிந்தபோது, இரண்டு பேருமே எழுந்து கையைக் கழுவிக்கொண்டார்கள்.

பங்குனியில் ஜெபதுரை வந்தார். மறுபடி குழுவில் சேருகிறாளா என்று தயங்கிக் கேட்டார். “இப்பம் எதும் கேக்காதீங்க அண்ணாச்சி,” என்றாள். அவர் வற்புறுத்தவில்லை. அவர் முகமும் அந்த வருஷம் கறுத்து ஒட்டிப்போயிருந்தது. வரப்பில் நின்று, மழைக்கு முன் உளுந்து விதை வாங்கி வைத்துவிடச் சொன்னார். உளுந்துக்கு யாரும் தழைச்சத்து கொடுக்க வேண்டியதில்லை, அதுவே வேரில் சேர்த்துக்கொள்ளும், அறுத்தபின் மண்ணுக்கும் கொஞ்சம் விட்டுவிட்டுப் போகும். வெங்காயத்தை ஒரு வருஷம் மறந்துவிடு என்றார். செல்வமாரி தலையாட்டினாள். மண்ணுக்காகத் தலையாட்டினாளா, குடம் சுமக்க வேண்டாம் என்பதற்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆவணியில் விதை வாங்கக் கோவில்பட்டி போனாள். பையோடு திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. விளாத்திகுளம் தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் இருந்தது. கண்டக்டர் தோளைத் தட்டியபோது பஸ் குளத்தூரில் நின்றுகொண்டிருந்தது. அவள் ஊர் எப்போதோ போய்விட்டது.

“எங்கக்கா இறங்கணும்?”

ஊர்ப் பெயரைச் சொன்னாள். “அங்கன கூப்புட்டமே, எந்திரிக்கலியே நீங்க,” என்றான் அவன்.

இறங்கி, டீக்கடைப் பெஞ்சில் விதைப் பையைப் பக்கத்தில் வைத்து உட்கார்ந்து ஒரு டீ சொன்னாள். உப்புக் காற்று வீசியது. தூரத்தில் உப்பளக் குவியல்கள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. போன் அடித்தது.

“எங்கன இருக்க?” மாயகிருஷ்ணன்.

“குளத்தூர்ல.”

“அங்கன எதுக்குப் போன?”

“ஒண்ணுமில்ல. தூங்கிட்டேன்.”

“சரி,” என்றான். “நான் சோத்த வடிச்சு வைக்கேன். மெதுவா வா.”

“வடிக்காண்டாம். கொட்டிக்கிடுவீய. காலையில உள்ளதே கெடக்கு, அது போதும்.”

திரும்பிப் போகும் பஸ் வந்து நின்றது. ஆட்கள் ஏறினார்கள். கண்டக்டர் அவளைப் பார்த்து வருகிறாயா என்பதுபோல் தலையசைத்தான். அவள் எழுந்திருக்கவில்லை. அடுத்த பஸ்ஸில் போகலாம் என்று சைகை காட்டிவிட்டு, டீக்கடைக்காரரிடம் இன்னொரு டீ சொன்னாள்.